தெருவைத் தோண்டும்போது தொல்லியல் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பாதாள சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தெருவைத் தோண்டும்போது, சுண்ணாம்புக் காரையும் உடைந்த செங்கல்லும் கலந்து வரும் மண்ணை ‘வெறும் ரப்பிஷ்’ என்று லாரியில் ஏற்றிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1761-இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடித்துப் போட்டனர். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் பழைய தெருக்களை ஒட்டியே ஊரை மீண்டும் எழுப்பினர். ஆகவே இங்கே இடிபாட்டு அடுக்கு என்பது குப்பை அன்று. அதற்குக் கீழிருப்பது 1761-க்கு முந்தைய ஊர் என்று பிரித்துக் காட்டக்கூடிய எல்லைக்கோடு அதுவாக இருக்கலாம்.

அந்தக் கோடு மண்மேட்டில் தெரியாது, பள்ளத்தின் பக்கச் சுவரில்தான் தெரியும். தோண்டும்போது வெளிப்படும் பழைய தடயங்களைக் கண்காணிக்க வருபவர் பலரும் கரையில் குவிந்த மண்ணைக் கிளறிப் பானை ஓடு பொறுக்குவதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். காலையில் வெட்டிய பள்ளத்தில் மாலைக்குள் குழாய் இறக்கி மூடிவிடுவார்கள் என்பதால், சுவரைக் கரண்டியால் செதுக்கி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வரைந்துகொள்ளக் கிடைப்பது ஓரிரு மணி நேரமே. வேலை தொடங்கிய பிறகு தகவல் சொல்லி ஆளை வரவழைப்பதில் அதனால்தான் பயனில்லை. ஜேசிபியில் பல் வைத்த பக்கெட்டுக்குப் பதிலாகத் தட்டையான விளிம்புள்ளதை மாட்டச் சொல்வதும் முதல் நாளே பேசி முடிக்க வேண்டிய விஷயம். பல் கீறிய சுவரில் அடுக்கைப் படிப்பது சிரமம்.

நான் பார்த்த ஒரு பள்ளத்தில், நல்ல பழைய பானை ஓடு ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வந்ததும் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்தது. கையளவு மண்ணை விலக்கியதும் அதற்கும் கீழே ஒரு பால் கவர் எட்டிப் பார்த்தது. முன்பு குழாய் பதித்தவர்கள் தோண்டிய மண்ணையே திருப்பிக் கொட்டியிருந்தார்கள்! பழைய பொருள் இருப்பதாலேயே மண் பழையது ஆகிவிடாது; அந்த அடுக்கில் கிடைத்தவற்றுள் மிகப் பிற்பட்டது எதுவோ, அதற்கு முன்பு அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது.

ஆழத்தைத் தார்ச்சாலையின் மேற்பரப்பிலிருந்து அளப்பது இன்னொரு வழக்கமான பிழை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டுத் தெரு வீட்டு வாசற்படிக்கு ஏறிவிட்ட ஊரில், இன்றைய ஒரு மீட்டரும் பத்தாண்டுக்கு முந்தைய ஒரு மீட்டரும் ஒன்றல்ல. கடல்மட்டத்தோடு இணைத்த நிலையான மட்டக்குறியிலிருந்தே அளவு எடுக்க வேண்டும்.

கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் ஆர்வத்தைப் பற்றி என்ன சொல்வது! எழுத்தும் சேர்ந்தே போய்விடும். கழுவாமல் தனிப் பையில் இட்டு, இடமும் ஆழமும் எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்தால் போதும். வேலை தமிழ்நாட்டு எல்லைக்குள், கடலூர்ப் பகுதியில் நடந்தால், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையும் மேஸ்திரி முதல் அனைவருக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கடலோர மணல் சொல்லாமல் சரியும். முட்டுக் கொடுக்காத ஆழப் பள்ளத்தில் எந்தப் பானை ஓட்டுக்காகவும் இறங்கக் கூடாது, மேலிருந்தே படமெடுக்கலாம்.

எதுவும் கிடைக்காத நாளைப் பதிவேட்டில் விட்டுவிடுவதும் தவறுதான். பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எவ்வளவு ஆழம், என்ன மண் என்பதை அன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், அந்தத் தெருவில் ஒன்றுமே இல்லையா அல்லது அன்று யாரும் பார்க்கவில்லையா என்பது அடுத்த முறை தோண்ட வருபவருக்குத் தெரியாது.