பழைய மொசைக் தரை மேல் வினைல் பலகை: ஓதம் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள்

மொசைக், டைல்ஸ், ரெட் ஆக்சைடு என எதுவானாலும் உடைத்து எடுக்க வேண்டியதில்லை. பசை இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 5 மி.மீ. எஸ்.பி.சி. (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) வினைல் பலகையை அதன் மேலேயே விரிக்கலாம். ஆனால் வேலை கெடுவதும் அந்தப் பழைய தரையால்தான்.

தரைத்தளம் என்றால் முதலில் ஓதம் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூன்று நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ பலகை போடாதீர்கள். வினைலுக்கு ஒன்றும் ஆகாது. அடியில் பூஞ்சை பிடித்து வீடே நாறும்.

பிறகு நாணயத்தால் டைல்ஸைத் தட்டுங்கள். பொத்தென்று வெற்றொலி கேட்டால் அந்தக் கல்லைப் பெயர்த்துக் கலவை வைத்து மூடுங்கள். அடுத்து, ஆறடி மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். கழுவிய தண்ணீர் ஓட விட்ட வாட்டம் ஒரே சீராக இருந்தால் பாதகமில்லை. மேடு பள்ளம்தான் ஆபத்து. பலகைக்கு அடியில் 3 மி.மீ. பள்ளம் இருந்தாலே மிதிக்கும்போது பலகை அமுங்கி எழும். கொஞ்ச நாளில் பூட்டு நாக்கு (பலகை ஓரத்தில் நீட்டிக்கொண்டு அடுத்த பலகையில் மாட்டும் பகுதி) உடையும். மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை லெவலிங் காம்பவுண்டால் (தரையை மட்டமாக்க ஊற்றும் கலவை) நிரப்புங்கள். மெழுகு, எண்ணெய் ஏறிய ரெட் ஆக்சைடில் காம்பவுண்டு ஒட்டாது. சுரண்டி, பிரைமர் அடித்த பிறகே ஊற்ற வேண்டும்.

அளவுக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து வாங்குங்கள்: 10க்கு 12 அடி அறைக்கு 132 சதுர அடி. பெட்டிகளை அந்த அறையிலேயே 48 மணி நேரம் படுக்கையாக வையுங்கள்.

முதல் வரிசையைப் போடும் முன் ஒரு கணக்கு. அறை அகலம் 3,100 மி.மீ., பலகை 180 மி.மீ. என்று வையுங்கள். பலகை விரிய இரு சுவரிலும் விடும் 8 மி.மீ. இடைவெளி போனால் 3,084. பதினேழு வரிசை போக மிச்சம் 24 மி.மீ. அந்தக் கீற்று நிற்காது. ஆகவே முதல் பலகையையும் கடைசிப் பலகையையும் 102 மி.மீ.க்கு அறுத்துவிடுங்கள், நடுவில் 16 முழு வரிசை சரியாக உட்காரும்.

சுவரைப் பார்த்த பக்கத்து நாக்கை வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். நீளவாட்டுப் பூட்டைச் சாய்த்துச் செருகி அமுக்க வேண்டும். குறுக்குப் பூட்டைத் தட்டுகட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கட்டை வைக்காமல் ஓரத்திலேயே அடித்தால் விளிம்பு நொறுங்கும். அடுத்த பலகை மயிரிழை இடைவெளி விட்டே நிற்கும், பிறகு எவ்வளவு அடித்தாலும் சேராது. அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு மூட்டுகள் 20 செ.மீ.யாவது தள்ளி விழட்டும். அறுக்க ரம்பம் வேண்டாம்: கட்டர் கத்தியால் மேல்பக்கம் இரண்டு மூன்று முறை ஆழமாகக் கீறி மடக்கினால் முறியும். தூண், நிலைக்கால் வளைவுக்கு மட்டும் ஜிக்சா (வளைவாக அறுக்கும் மின் ரம்பம்).

பலகையின் அடியில் ஃபோம் ஒட்டியே வந்திருந்தால் இன்னொரு ஃபோம் விரிக்காதீர்கள். மெத்தென்று இருக்கும்தான், பூட்டுதான் தாங்காது.

கதவைக் கழற்றி அடியில் 8 மி.மீ. இழைத்துவிடுங்கள். சுவரோரத்தை மறைக்கும் பீடிங்கை ஸ்கர்ட்டிங்கில் ஒட்டுங்கள், பலகையில் அல்ல. இரும்பு பீரோக்களை எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் கோடையில் விரிய வழியில்லாமல் நடுவில் தரை தூக்கும். ஒரே சுவரோரம் வையுங்கள். ரப்பர் அடி வைத்த மிதியடி வேண்டாம், அந்த மஞ்சள் கறை எதற்கும் போகாது.