கரையில் திறந்த பக்கம் கடலில் ரீலோடு ஆகாமலிருக்க

பாம்பன், மண்டபம் கரையில் இன்காய்ஸ் (கடல்நிலையை அறிவிக்கும் மத்திய அரசு மையம்) தரும் அலை முன்னறிவிப்பைக் குரோமில் திறந்து வைக்கிறோம். படகு சிக்னல் எல்லையைத் தாண்டியபின் பார்த்தால், பக்கம் தானே ரீலோடு ஆகி ‘இணையம் இல்லை’ என்று நிற்கும். காரணம் ரேம், அதாவது போனின் தற்காலிக நினைவகம். வாட்ஸ்அப், கேமரா என்று மாறியதும், நினைவகம் போதாத போன் பழைய டேபை விட்டுவிடும். திரும்பினால் குரோம் அதைப் புதிதாக இறக்கப் பார்க்கும். இதை அடியோடு நிறுத்த ஆண்ட்ராய்டு குரோமில் பொத்தான் கிடையாது.

உறுதியான வழி, கரையிலேயே சேமிப்பதுதான். பக்கம் முழுதாக வந்தபின் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். பிறகு அதே மெனுவில் ‘பதிவிறக்கங்கள்’ போய்த் திறந்தால் சிக்னல் தேவையில்லை. படகில் ஏறுமுன் ஏரோபிளேன் மோடு போட்டு ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். நகர்த்திப் பார்க்கும் வரைபடங்கள் பல நேரம் சேமிப்பில் வராது. அவற்றுக்கு ஸ்கிரீன்ஷாட்டே நம்பகம். நேற்றுச் சேமித்ததை இன்றைக்கு நம்பிக் கிளம்ப வேண்டாம், தேதியைப் பாருங்கள்.

டேப் கொஞ்சம் தாக்குப்பிடிக்க, மற்ற டேப்களை மூடுங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், குரோம், பேட்டரி என்று போய்க் குரோம் பின்னணியில் ஓடுவதற்கான கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். இந்த மெனுக்களின் பெயர் போனுக்குப் போன் மாறும்.

பக்கத்தின் உச்சியில் விரலைக் கீழே இழுத்தாலும் ரீலோடு ஆகும். ஈரக்கையில் இது சுலபமாக நடந்துவிடும். பயர்பாக்ஸில் செட்டிங்ஸுக்குள் ‘தனிப்பயனாக்கு’ பகுதியில் இந்த இழுப்பை அணைத்துவிடலாம்.