எந்த க்ரீம் எதற்கு? வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

முத்தியால்பேட்டையில் நான் நடத்தும் கேக் வகுப்புக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதான். தேதி பார்த்து வாங்குவது, ஃப்ரிட்ஜில் வைப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஃப்ரெஷ் க்ரீமை பீட்டரில் அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். மகன் பிறந்தநாளுக்காக ஒரு பெண் டப்பா டப்பாவாக ஊற்றி அடித்திருக்கிறார். கெட்டியாகவில்லை என்று ஐசிங் சுகர், அப்புறம் கார்ன்ஃப்ளார், கடைசியில் ஜெலட்டின். கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார்: மேலே நுரை, அடியில் தண்ணீர். காசும் போச்சு, கேக்கும் போச்சு.

அடிக்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே போகும். கொழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அவற்றைச் சுற்றி வளைத்தால்தான் க்ரீம் நிற்கும். அதற்குக் குறைந்தது 30 சதவீதக் கொழுப்பு வேண்டும், உறுதியாக நிற்க 35. அந்தக் கொழுப்பும் சில்லென்று இறுகியிருக்க வேண்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் நல்ல விப்பிங் க்ரீமே இளகிவிடும். கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், ஐஸ் தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து அடியுங்கள். கம்பி இழுத்த கோடு அழியாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் திரிதிரியாகி வெண்ணெய்தான்.

டப்பாவின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். பின்னால் கொழுப்பு எத்தனை என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

கொதிக்கிற தக்காளி கிரேவியில் ஊற்றுவது

அந்த 25 சதவீத க்ரீமுக்குச் சரியான இடம் இறால் கிரேவி, பனீர் மசாலா மாதிரியானவைதான். ஆனால் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் திரிந்துவிடும். அடுப்பை அணையுங்கள். இரண்டு கரண்டி கிரேவியை க்ரீமில் கலந்து, பிறகு சட்டியில் சேருங்கள்.

விப் டாப்பிங்கை சூப்பில் விடுவது

அது பால் க்ரீமே அல்ல. தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் இனிப்பு சேர்ந்தது. கேக்கோடு நிற்கட்டும்.

க்ரெம் ஃப்ரெஷ்ஷுக்குப் பதில் தயிர்

க்ரெம் ஃப்ரெஷ் என்றால் லேசாகப் புளிக்கவைத்த கெட்டி க்ரீம். பிரெஞ்சு சாஸ் செய்யப் பார்க்கிறவர்கள் அதற்குப் பதில் தயிரை ஊற்றிக் கொதிக்கவிட்டுத் திப்பிதிப்பியாக்கிவிடுகிறார்கள். க்ரெம் ஃப்ரெஷ்ஷை வீட்டிலேயே செய்யலாம்: 35 சதவீத க்ரீமில் ஒரு ஸ்பூன் மோர் கலந்து கெட்டியாகும்வரை மூடி வையுங்கள். கொழுப்பு அதிகம் என்பதால் கொதித்தாலும் திரியாது.

மிச்ச க்ரீமை ஃப்ரீசரில் போடுவது

வேண்டாம். உருகும்போது பிரிந்துவிடும்.