யாரும் பாக்காத தெருவ வரையறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

மூடின ஷட்டர், காலி பார்க்கிங், பின்பக்க சந்து, தண்ணி வடிஞ்ச கறையோட நிக்கிற சுவர், இந்த மாதிரி இடங்கள வரையணும்னு ஆசைப்படறவங்க நெறய பேரு, ஆனா போய் உக்காந்ததும் பண்ற மொத வேலை அந்த இடத்துக்கு மேக்கப் போடறதுதான். சுவர்ல தங்க கலர் சாயங்கால வெயில், தரையில மழைத்தண்ணி பளபளப்பு, ஓரத்துல குடையோட ஒரு ஆளு. அங்க இதுல ஒண்ணுகூட கிடையாது. என்னை கேட்டா மத்த தப்பு முக்காவாசி இதுலேர்ந்துதான் கெளம்புது, அந்த இடம் மேல நமக்கே நம்பிக்கை இல்ல.

எட்வர்ட் ஹாப்பர்னு ஒரு அமெரிக்க ஓவியர் 1930ல நியூயார்க்ல ஒரு கடைவீதிய வரைஞ்சாரு. எல்லா கடையும் பூட்டியிருக்கு, ஒரு தீயணைப்பு குழாய், முடிவெட்டற கடை வாசல்ல ஒரு கம்பம், நீளமா விழுற நிழல், அவ்ளோதான். மாடி ஜன்னல் ஒண்ணுல மொதல்ல ஒரு ஆளையும் போட்டிருந்தாரு, அப்பறம் அவரே அது மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிட்டாரு. ஆள் இருந்தா நம்ம கண்ணு நேரா அங்கதான் போகும், யாரு என்னன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவோம், தெரு வெறும் பேக்கிரவுண்டா ஆயிடும். அதே படத்துல கடை போர்டெல்லாம் எழுத்து மாதிரி தெரியும், ஆனா படிக்க வராது. நீங்க போர்ட எழுத்து எழுத்தா காப்பி பண்ணி வச்சா பாக்கறவங்க அத படிச்சிட்டு நகர்ந்திடுவாங்க.

ஒயர், கம்பம், ஏசி பெட்டி எல்லாம் அசிங்கம்னு தூக்கிடறதும் அதே மேக்கப்தான். அந்த ஒயருங்கதான் வானத்த துண்டு துண்டா வெட்டி படத்துக்கு ஒரு கட்டம் குடுக்குது, எடுத்துட்டா பாதி டிராயிங் போச்சு.

இன்னொண்ணு பரிதாபம். துருவும் விரிசலுமா தேடித்தேடி போட்டு "பாவம் இந்த இடம்"னு சொல்ல வைக்கிறது. தாமஸ் ஜோன்ஸ்னு ஒரு வேல்ஸ் நாட்டு ஓவியர், 1782 வாக்குல நேப்பிள்ஸ்ல ஒரு சுவர வரைஞ்சிருக்காரு. சாரம் கட்டின ஓட்டைங்க, ஒரு சின்ன பால்கனி, காயப்போட்ட துணி, கீழ வழிஞ்ச கறை. அதுல சோகமும் இல்ல பெருமையும் இல்ல, கறை கறையாவே இருக்கு. இப்ப லண்டன் நேஷனல் கேலரியில இருக்கற அந்த படத்தோட சைஸ் சுமாரா 11க்கு 16 செ.மீ.தான். எடுத்தவுடனே பெரிய கேன்வாஸ் வாங்கி இடத்த நிரப்ப முடியாம ஒவ்வொரு செங்கல்லா எண்ணி வரையறவங்க இத ஒரு தடவ பாக்கணும்.

அப்பறம் சாம்பல் கலர். சிமெண்ட்னா கருப்பும் வெள்ளையும் கலந்தா போதும்னு நினைக்காதீங்க, படம் செத்துடும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு கலரையும் கலந்து பாருங்க, நீலம் தூக்கலா ஒரு சாம்பல், பழுப்பு தூக்கலா ஒரு சாம்பல்னு எத்தனையோ வரும். வெயில் படற சுவரு கொஞ்சம் சூடா தெரியும், அதே சுவர்ல நிழல் விழுற இடம் வானத்தோட நீலத்த வாங்கிக்கும், ரெண்டும் ஒரே சாம்பல் இல்ல. கண்ண சுருக்கி பாத்தா எது வெளிச்சம் எது இருட்டுன்னு சட்டுனு பிரிஞ்சிடும், கலர் பத்தின யோசனை அதுக்கப்பறம்தான்.

கடைசியா போன் போட்டோ. ஒரு தடவ போய் க்ளிக் பண்ணிட்டு வந்து வீட்ல வரையறது. போன் தானாவே நிழல வெளுத்து எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடும், கிட்ட நின்னு எடுத்தா கட்டிடம் பின்னால சாயற மாதிரி வரும், நீங்க அந்த சாய்வையும் சேத்து வரைஞ்சிட்டு பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப்போக சின்னதா தெரியற கணக்கு, வரலன்னு புலம்புவீங்க. அன்டோனியோ லோபஸ்னு ஒரு ஸ்பெயின் ஓவியர் மாட்ரிட்ல கிரான் வியாங்கற ரோட 1974லேர்ந்து 1981 வரைக்கும் வரைஞ்சாரு, விடியற நேரத்துல அந்த வெளிச்சம் இருக்கற கொஞ்ச நேரம்தான் வேலையே. நமக்கு ஏழு வருஷமெல்லாம் வேணாம், அதே இடத்துக்கு அதே நேரத்துல இன்னொரு தடவ போங்க, போட்டோவ அளவு சரிபாக்க மட்டும் வச்சிக்கிட்டு கலர அங்கயே நின்னு சின்ன பேப்பர்ல குறிச்சிட்டு வந்துடுங்க.