கர்ப்ப காலமும் மலேரியாவும்: மாத்திரையை அங்கேயே விழுங்கிவிடுங்கள்

கானா, நைஜீரியா, உகாண்டா போன்ற மலேரியா மிகுந்த நாடுகளில் கர்ப்பமாக இருப்பவர்கள், காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. கிருமி நஞ்சுக்கொடியில் பதுங்கிக்கொள்ளும். விரல் நுனி ரத்தத்தில் தெரியாமலும் போகலாம். தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்கு எடைக்குறைவு என்று பிறகுதான் அது வெளிப்படும்.

அதனால் அங்குள்ள கர்ப்பகாலப் பரிசோதனை மையங்களில் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் என்ற மலேரியா தடுப்பு மருந்தைத் தருகிறார்கள். ஒரு வேளைக்கு 3 மாத்திரைகள். 13 வாரம் கடந்த பிறகே தொடங்க வேண்டும்; இரு வேளைகளுக்கு இடையே ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்; பிரசவத்துக்குள் 3 வேளையாவது போட்டிருக்க வேண்டும். முதல் பரிசோதனைக்குத் தாமதமாகப் போனால் கணக்கு இடிக்கும். செவிலியர் முன்பே விழுங்கிவிடுங்கள், வெறும் வயிறானாலும் பரவாயில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகும் மாத்திரை பெரும்பாலும் கைப்பையிலேயே கிடக்கும்!

பலர் கவனிக்காத ஒன்று: ஃபோலிக் அமில மாத்திரையின் அளவு. தினமும் 0.4 மில்லிகிராம் என்றால் சிக்கல் இல்லை. 5 மில்லிகிராம் என்றால் மலேரியா மருந்தின் வேலையையே அது கெடுத்துவிடும். அட்டையைத் திருப்பிப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், எச்ஐவிக்காகக் கோட்ரைமாக்சசோல் என்ற தொற்றுத் தடுப்பு மருந்தை எடுப்பவர்களும் இந்த மலேரியா மருந்தைப் போடக் கூடாது.

மருந்து தடவிய கொசுவலை முதல் மாதத்திலிருந்தே தேவை. இடையில் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.