கோச் சம்பளத்தை வைத்து ஒரு வீட்டுப் பந்தயம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (காலால் உதைக்கிற பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அது) எந்த அணி எத்தனை புள்ளியில் ஜெயிக்கும் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது குருட்டாம்போக்குதான். அதனால் எங்கள் வீட்டில் கோச்சின் சம்பளத்தை வைத்து விளையாடுகிறோம். ஒரு வெற்றிக்கு யாருக்கு எவ்வளவு செலவானது, அவ்வளவுதான் ஆட்டம்.

முதலில் சட்டம். சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் கூடி விளையாடலாம், ஆனால் வீட்டுக்காரர் கமிஷன் எடுக்கக் கூடாது. இணையத்தில் இந்தச் சலுகை கிடையாது, எனவே வாட்ஸ்அப் குழுவில் காசுப் பந்தயம் வேண்டாம். நாங்கள் ஆளுக்கு 5 வெள்ளியை மேசையில் வைப்போம், மொத்தமும் ஜெயித்தவருக்கு.

ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும் முன் ஆளுக்கு மூன்று கோச்சை எழுதிக் கொடுக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பொது ஆவணங்கள், யுஎஸ்ஏ டுடே நாளிதழ் ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறது. தனியார் பல்கலைக்கழகங்களை விட்டுவிடுங்கள், அங்கே கணக்கு சரியாக வெளியே வராது. இன்னொன்று, மூவரும் 5 மில்லியன் டாலருக்கு மேல் வாங்குபவர்களாக இருக்கட்டும். முதல் வருடம் இந்த விதி இல்லாமல், மச்சான் சின்னக் கல்லூரிகளில் குறைந்த சம்பளக்காரர்களாகப் பொறுக்கி எல்லாரையும் சுருட்டிவிட்டார்.

கணக்கு இப்படி: 2022இல் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கோச் கர்பி ஸ்மார்ட்டுக்குச் சுமார் 10.25 மில்லியன், 15 ஆட்டத்திலும் வெற்றி, ஆக ஒரு வெற்றி ஏறத்தாழ 6 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அதே வருடம் டெக்சஸ் ஏ அண்ட் எம் கோச் ஜிம்போ ஃபிஷருக்குச் சுமார் 9 மில்லியன், ஐந்தே வெற்றி, ஒன்று 18 லட்சம். சம்பளம் குறைவுதான், ஆனால் வெற்றியின் விலையைப் பாருங்கள்!

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது சம்பளத்தை அல்ல, வேலையை விட்டு அனுப்பினால் தர வேண்டிய தொகையை, அதாவது பைஅவுட்டை. ஃபிஷரை 2023 நவம்பரில் அனுப்பியபோது பல்கலைக்கழகம் தர ஒப்புக்கொண்டிருந்தது 76 மில்லியனுக்கு மேல், அதுவும் அவர் வேறு வேலைக்குப் போனாலும் ஒரு காசு கழிக்க முடியாதபடி எழுதப்பட்டிருந்தது. பல ஒப்பந்தங்களில் புது வேலைச் சம்பளம் கழிக்கப்படும். சமன் வந்தால் நாங்கள் இதைத்தான் பயன்படுத்துவோம்: யார் கோச்சின் பைஅவுட் குறைவோ அவருக்கு வெற்றி.

சீசன் நடுவில் கோச்சை விரட்டினால் என்ன செய்வது என்று ஒரு தடவை ராத்திரி ஒரு மணி வரை சண்டை. இப்போது நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்: முழு வருடச் சம்பளம், அவர் இருந்தவரை கிடைத்த வெற்றி மட்டும்.

ஆட்டம் பார்க்க ஞாயிறு காலைதான் வசதி. அங்கே கிழக்குக் கரை நேரம் சனி இரவு ஏழரை என்றால் நமக்கு ஞாயிறு காலை ஏழரை, நவம்பர் முதல் ஞாயிறில் அங்கே கடிகாரம் மாறியதும் எட்டரை. பரோட்டா பொட்டலத்தைப் பிரித்து, முடிச்சுப் போட்ட பையிலிருந்து குழம்பை ஊற்றும்போது நோட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கள் நோட்டில் மூன்றாம் வாரமே மஞ்சளாக இருக்கிறது, மச்சானின் ஒரு வெற்றி அதற்கடியில் எங்கேயோ போய்விட்டது என்று இன்னும் சொல்கிறார்.