சென்னையில் கைது விவரம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைதானவர்களின் பட்டியல் எங்கோ ஓரிடத்தில் தயாராக இருக்கிறது, பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சிறையின் இணையதளத்திலேயே கைதானவரின் பெயர், குற்றச்சாட்டு, பிணைத் தொகை ஆகியவற்றைப் பார்க்க முடிகிறது. பல இடங்களில் புகைப்படமும் இருக்கும். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணித் தேடுபவர்கள் விளம்பரத் தளங்களில் சிக்கிப் பணத்தையும் நேரத்தையும் இழக்கிறார்கள். சென்னையில் ஒருவரின் கைது நான்கு இடங்களில் நான்கு வடிவங்களில் பதிவாகிறது: காவல் நிலையத்தில் கைதுக் குறிப்பாக, முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண்ணாக, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் காவல் அடைப்பு (ரிமாண்ட்) ஆணையாக, புழல் சிறையில் கைதி எண்ணாக. எந்த நேரத்தில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று தெரியாமல் போவதில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

“விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்” என்பதைக் கைது என்று எடுத்துக்கொண்டு உடனே இணையத்தில் தேடுவது அவற்றில் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)ஆம் பிரிவின் கீழ், கைது செய்யாமலேயே ஒருவருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரணைக்கு வரச் சொல்லலாம். அந்த நிலையில் எந்தக் கைதுப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. கைது என்று ஆனால், 36ஆம் பிரிவின்படி கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். 48ஆம் பிரிவின்படி உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லி, சொன்னதை நிலையத்தில் உள்ள பதிவேட்டில் எழுத வேண்டும். ஆகவே, வீட்டிலிருந்து அழைத்துச் சென்ற நேரத்தைக் குடும்பத்தினர் தாங்களே குறித்து வைத்துக்கொள்வது அவசியம். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி அந்த நேரத்தைப் பொறுத்தே அர்த்தம் பெறுகிறது. அந்தக் காலத்து வழக்கறிஞர்கள் முதல் கேள்வியாக “தந்தி கொடுத்தாயிற்றா?” என்றுதான் கேட்பார்களாம். ஆணையருக்கு அனுப்பிய தந்தியில் விழும் நேர முத்திரை பிற்பாடு நீதிமன்றத்தில் பேசும் என்பதே காரணம். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோன பிறகு, அதே வேலையை மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் செய்கின்றன.

நிலையத்து வாசலில் பாரா நிற்கும் காவலரிடம் கேட்டுவிட்டு, “இங்கே யாரும் இல்லை” என்ற பதிலோடு திரும்பிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவருக்கு விவரம் தெரியாமலே இருக்கலாம். ஏடுகளைக் கையில் வைத்திருப்பவர் நிலைய ரைட்டர். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும், அவ்விவரத்தை நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றும் 37ஆம் பிரிவு சொல்கிறது. இதன் வேர், 1996இல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வகுத்த நெறிமுறைகளில் இருக்கிறது. கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அங்கே பலகையில் எழுதப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நிலையத்தில் வைக்க வேண்டிய விவரப் பலகையின் முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு நிலையத்தையும் நான் பார்த்திருக்கிறேன்; ஆனால் சட்டம் தெரிந்து கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு மாதிரியாகவே இருக்கிறது.

எந்த நிலையம் என்பதில் ஏற்படும் குழப்பம் தனிக்கதை. முகவரியில் சென்னை என்று இருப்பதாலேயே அந்த இடம் சென்னை மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருவதாகக் கொள்ள முடியாது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாக இயங்குகின்றன. அம்பத்தூர் ஆவடியின் கீழும், பள்ளிக்கரணை தாம்பரத்தின் கீழும் வருகின்றன. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க மாவட்டத்தையும் நிலையத்தையும் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே “சென்னை” என்று அழுத்தியவருக்கு அம்பத்தூர் வழக்கு எத்தனை முறை தேடினாலும் வராது. தியாகராய நகரில் நடந்த சம்பவத்துக்கு “தி.நகர் ஸ்டேஷன்” என்று தேடுபவரும் ஏமாறுவார், ஏனென்றால் அந்தப் பகுதிக்குரிய நிலையங்கள் ஆர்-1 மாம்பலம், ஆர்-4 சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயர்களில்தான் இருக்கின்றன. இவை போக அனைத்து மகளிர் காவல் நிலையம், வேப்பேரியில் மத்தியக் குற்றப்பிரிவு, ரயில் நிலையங்களில் இருப்புப்பாதைக் காவல் நிலையம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி எண் வரிசை வைத்திருக்கின்றன. அமலாக்கத் துறை, என்.ஐ.ஏ., சி.பி.ஐ., சுங்கத் துறை ஆகியவை கைது செய்திருந்தால் மாநகரக் காவல்துறையின் ஏடுகளில் தேடிப் பயனில்லை. முதல் தகவல் அறிக்கை போல அமலாக்கத் துறை தனக்குள் பதியும் ஈ.சி.ஐ.ஆர். என்ற ஆவணத்தின் நகலைக் கைதானவருக்கே எல்லா வழக்கிலும் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

எண்ணை விட்டுவிட்டுப் பெயரைத் தேடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். தம்பியைக் காணவில்லை என்று ஒருவர் என்னிடம் வந்தபோது, கையில் தேடல் முடிவுகளை அச்செடுத்த தாள்களைக் கற்றையாக வைத்திருந்தார். அத்தனையிலும் அதே பெயர்கொண்ட வேறு வேறு ஆட்கள். சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டு ஒன்றை வெகுநேரம் கழித்தே எடுத்தார்; நிலையத்தில் யாரோ பேனாவால் கிறுக்கிக் கொடுத்திருந்த அதில் “கு.எண்” (குற்ற எண்) என்ற எழுத்துகளும், சாய்கோடு போட்டு ஓர் எண்ணும் ஆண்டும் இருந்தன. மூன்று நாள் அலைச்சலை முடிக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒழுங்கு எதுவும் கிடையாது. சண்முகம் என்ற பெயரை எஸ் எழுத்தோடு மட்டும் தொடங்குபவர் உண்டு, எச் சேர்ப்பவரும் உண்டு. தமிழரசனின் ழகரத்துக்கு ஒருவர் இசட் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், வராமலும் போகும். காவல்துறை ஏட்டில் “என்கிற” என்பதற்கு ஒரு குறியிட்டுத் தெருவில் வழங்கும் பட்டப்பெயரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். குற்ற எண், ஆண்டு, நிலையம் என்ற மூன்றும் கையில் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெயரை மட்டும் நம்புவதாக இருந்தால் தந்தை பெயரும் வயதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் இவர்தான் அவர் என்று முடிவு கட்டக் கூடாது.

முதல் தகவல் அறிக்கையைக் கைதுப் பதிவாக வாசிப்பதும் தவறே. அது குற்றம் பற்றிய முதல் தகவல். அதில் பெயர் இருப்பவர் கைதாகாமலே இருக்கலாம், “அடையாளம் தெரியாத நபர்” என்று எழுதப்பட்ட வழக்கில் மறுவாரம் நான்கு பேர் கைதாகவும் செய்யலாம். புகார் கொடுத்தவருக்குத் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கையே அல்ல என்பதையும் பலர் அறிவதில்லை. இன்னொன்று: இணையத்தில் இல்லை என்றால் வழக்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றங்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குரிய போக்சோ வழக்குகள், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கும் அளித்தது. அப்படி ஏற்றப்படாத வழக்கிலும், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பினர் மாநகரில் காவல் ஆணையரிடம் விண்ணப்பித்து நகல் கேட்க அதே தீர்ப்பு வழி வைத்திருக்கிறது.

பிரிவு எண்ணைப் பார்த்துப் பதறுவதையும் சொல்லியாக வேண்டும். 302 என்றதும் கொலை என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது கொலைதான். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குரிய தண்டனை 103ஆம் பிரிவில் வருகிறது, அங்கே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவதைக் குறிக்கிறது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றமானால் வழக்கு பிறகு பதிவானாலும் பழைய சட்டமே பொருந்தும். எனவே எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கைதான மறுநாளே பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று கலங்குபவர்கள் அநேகம். காவல் அடைப்பு நிலையில் பெரும்பாலும் வழக்கு எண்ணே பிறந்திருக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அதைக் கோப்பில் ஏற்ற பிறகே அது வரும். குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் வரை அதற்கு ஆகலாம்; அதற்குள் தாக்கலாகவில்லை என்றால் காவலில் இருப்பவருக்குப் பிணை கேட்கும் உரிமை பிறக்கிறது. இடைப்பட்ட காலத்தில் கண்ணில் படக்கூடியது பிணை மனு. அத்தளத்திலேயே நிலையத்தையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. பெயர்த் தேடலைவிட அது நம்பகமானது. விடுமுறை நாளிலோ இரவிலோ நடுவரின் இல்லத்தில் நிறுத்திக் காவல் அடைப்பு செய்வது வழக்கம் என்பதால், எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ நீதிமன்ற வளாகத்தில் மட்டும் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

அடுத்தது சிறை. புழல் என்று பொதுவாகச் சொல்கிறோம். அங்கே தண்டனைக் கைதிகளுக்கான மத்திய சிறை-1, விசாரணைக் கைதிகளுக்கான மத்திய சிறை-2, பெண்களுக்கான தனிச்சிறை என்று மூன்று இருக்கின்றன. புதிதாகக் காவல் அடைப்பு செய்யப்பட்டவரைப் பார்க்க முதலாவதன் வாசலில் வரிசையில் நின்று அரை நாளைத் தொலைப்பது சாதாரணமாக நடப்பது. மனு எழுதிக் கொடுக்கும் இடத்தில் கைதியின் பெயரோடு தந்தை பெயர், குற்ற எண், அடைத்த நீதிமன்றம் ஆகிய விவரங்களும் உங்கள் அடையாள அட்டையும் கையில் இருப்பது நல்லது. இ-முலாகாத் தளம் சந்திப்புக்குப் பதிவு செய்யத்தான். யார் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று துப்புத் துலக்க அது பயன்படாது. கைதானவர் 18 வயது நிறையாதவர் என்றால் புழலில் தேடவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தையே அணுக வேண்டும். அவருடைய அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பிணை கிடைத்த பிறகும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆணையரின் உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அது தடுப்புக் காவல். ஓராண்டு வரை நீளலாம். வழக்குக்கான பிணை ஆணை அதைத் தொடாது, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்பது தனிப் பாதை.

எந்த இடத்திலும் தகவல் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதி முப்பது நாள் காத்திருப்பதும் பிழையான தேர்வு. உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 7(1) பிரிவு சொன்னாலும், ஆளைத் தேடும் வேளையில் அதைவிட விரைவானது 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண். காவலில் இருப்பவர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அந்த உதவிக்கு உரியவர்; கையில் காசில்லை என்று தயங்க வேண்டியதில்லை.

தேடுபவர்கள் எல்லோரும் உறவினர்கள் அல்லர். வாடகைக்கு வருபவரையும் வேலைக்கு வருபவரையும் பற்றி அறியத் தேடுபவர்களும் உண்டு. இவர்கள் தனியார் தளங்களில் காசு கட்டுவதைவிட, காவல்துறையே நடத்தும் சரிபார்ப்புச் சேவையைச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு பயன்படுத்துவது சரியாக இருக்கும். கைதானவரின் படம், கைரேகை முதலிய அளவீடுகள் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டத்தின்படி தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் வரை வைக்கப்படலாமே தவிர, பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. அவற்றை எடுத்துத் தருவதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார் அல்லது திருடித் தருகிறார். பழைய செய்தி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஆளை எடை போடுவதிலும் சிக்கல் உண்டு. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. விடுதலையானவரின் பெயரும் தேடலில் கைதானவராகவே வந்து நிற்க இடமிருக்கிறது என்பதால், செய்தியின் தேதியைப் பார்த்து, அதிலுள்ள நிலையத்தைக் கொண்டு குற்ற எண்ணைக் கண்டுபிடித்து, இ-கோர்ட்ஸில் அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் பார்த்த பிறகே வீடு தருவதையோ வேலை தருவதையோ மறுக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.